லீக்கும் கோப்பையும் ஒரே சீசனில்: கால்பந்தின் இரட்டைப் பட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரட்டைப் பட்டம் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு கிளப் தன் நாட்டின் முதல்நிலை லீக் பட்டத்தையும் (எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதிப் புள்ளிகள் சேர்க்கும் போட்டி), அந்த நாட்டின் தலையாய நாக்-அவுட் கோப்பையையும் (தோற்றால் வெளியேற வேண்டிய போட்டி) ஒரே சீசனில் வென்றால் அது இரட்டைப் பட்டம். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும், ஸ்பெயினில் லா லிகாவும் கோப்பா டெல் ரேயும், ஜெர்மனியில் புண்டஸ்லிகாவும் டி.எஃப்.பி. கோப்பையும்; இத்தாலியில் சீரி ஆவும் கோப்பா இத்தாலியாவும். இங்கிலாந்தின் இன்னொரு நாக்-அவுட் போட்டியான லீக் கோப்பையும், சூப்பர் கோப்பைகளும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. லீக்கோடு, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கை வென்றாலும் அது வேறு சாதனை. 2016-17இல் ரியல் மாட்ரிட் அப்படி வென்றது. அந்த ஆண்டு கோப்பா டெல் ரே பார்சிலோனாவுக்குப் போனதால், ரியல் மாட்ரிட் இந்தப் பட்டியலில் வராது.

லீக்கையே வெல்லும் பலம் இருந்தால் கோப்பை எளிதுதானே?

கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் எஃப்.ஏ. கோப்பையில் மூன்றாம் சுற்றில் நுழைகின்றன. அங்கிருந்து ஆறு சுற்றுகளைக் கடந்தால் கோப்பை. ஒவ்வொரு சுற்றிலும் வெல்வதற்கு 80 சதவீத வாய்ப்பு உள்ள மிக வலுவான அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறையும் தொடர்ந்து வெல்ல அதற்கு உள்ள வாய்ப்பு 26 சதவீதம்தான். அதாவது நான்கு சீசன்களில் மூன்றில், அந்த அணியும் எங்கோ ஓரிடத்தில் தடுக்கி விழும்.

லீக் அப்படியல்ல. அது தோல்வியை மன்னிக்கும். 1998-99இல் மான்செஸ்டர் யுனைடெட் 38 லீக் ஆட்டங்களில் வென்றது 22 மட்டுமே. 13 டிரா, 3 தோல்வி. பதினாறு ஆட்டங்களில் வெல்லாமலேயே அந்த அணி சாம்பியன் ஆனது. அதே சீசனின் கோப்பையில் அந்தச் சலுகை அதற்குக் கிடைக்கவில்லை. நான்காம் சுற்றில் லிவர்பூலுக்கு எதிராக 88ஆவது நிமிடம் வரை 0-1 எனப் பின்தங்கியிருந்தது. யார்க் ஒரு கோல், சோல்ஷர் ஒரு கோல் போட்டுத்தான் மீண்டது. அரையிறுதி மறு ஆட்டத்தில் ஆர்சனலுடன் 1-1. முழு நேரம் முடியும் தறுவாயில் ஆர்சனலுக்குப் பெனால்டி. பெர்க்காம்ப் உதைத்த பந்தை யுனைடெட் கோல் கீப்பர் ஷ்மைக்கேல் பாய்ந்து தட்டினார். கூடுதல் நேரத்தில் கிக்ஸ் தன் பாதியில் பந்தைப் பறித்துத் தனியாக ஓடிப்போய்ப் போட்ட கோல் அணியை இறுதிக்குக் கொண்டுசென்றது. அந்தப் பெனால்டி வலைக்குள் போயிருந்தால் அந்த ஆண்டின் கதையே வேறு.

லீக் ஓர் அணியின் ஆழத்தைச் சோதிக்கிறது. கோப்பை ஒரு நாளின் நிதானத்தைச் சோதிக்கிறது. இரண்டிலும் தேறும் அணிகள் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் சாதித்தது யார்?

பிரஸ்டன் நார்த் எண்ட், 1888-89. உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கிய அந்த முதல் சீசனிலேயே. 12 கிளப்புகள், 22 ஆட்டங்கள். பிரஸ்டன் 18 வெற்றி, 4 டிரா, தோல்வியே இல்லை. எஃப்.ஏ. கோப்பையில் இன்னும் கறார். ஐந்து ஆட்டங்களில் 11 கோல் போட்டு ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதியில் உல்வ்ஸை 3-0 என வென்றது. இதற்குச் சற்று முன்பு, 1887இல், இதே பிரஸ்டன் ஹைட் என்ற அணியைக் கோப்பை ஆட்டம் ஒன்றில் 26-0 என நொறுக்கியிருந்தது. எதிரணிகளுக்கும் அதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி.

அடுத்தது ஆஸ்டன் வில்லா, 1896-97. கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் 1897 ஏப்ரல் 10 அன்று எவர்ட்டனை 3-2 என வென்று கோப்பையைத் தூக்கியது. ஐந்து கோல்களும் முதல் பாதியிலேயே விழுந்தன. அதே நாளில் டெர்பி கவுன்ட்டி வேறொரு மைதானத்தில் தோற்றதால் லீக் பட்டமும் வில்லாவுக்கு உறுதியானது. இரண்டு பட்டமும் ஒரே நாளில் கைக்கு வந்த கிளப் இங்கிலாந்தில் வேறில்லை.

அதன்பின் இங்கிலாந்தில் 64 ஆண்டுகள் எவராலும் முடியாமல் போனது ஏன்?

முயன்று தோற்றவர்களைப் பார்த்தால் காரணம் புரியும். 1905இல் நியூகாசில் லீக்கை வென்றது, கோப்பை இறுதியில் ஆஸ்டன் வில்லாவிடம் தோற்றது. 1913இல் சண்டர்லாண்டுக்கும் அதே கதி, அதே வில்லாவிடம். 1960இல் உல்வ்ஸ் கோப்பையை வென்றது. லீக் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் பர்ன்லியிடம் போனது.

என்னை அதிகம் வருத்துவது 1957. மேலாளர் மேட் பஸ்பியின் இளம் மான்செஸ்டர் யுனைடெட் லீக் சாம்பியனாகி, கோப்பை இறுதிக்காக லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்கு வந்தது. எதிரே மீண்டும் வில்லா. ஆட்டம் தொடங்கிய ஆறாவது நிமிடத்தில் வில்லாவின் மெக்பார்லண்ட் மோதியதில் யுனைடெட் கோல் கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது. அன்று மாற்று வீரர் என்ற ஏற்பாடே கிடையாது. தடுப்பாட்டக்காரர் ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். மெக்பார்லண்டே இரண்டு கோல் போட, 2-1 என வில்லா வென்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்து அந்த அணியையே சிதைத்துவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1961இல், அந்த நீண்ட இடைவெளியை முடித்துவைத்த டாட்டன்ஹாம் அணியின் கேப்டன் டேனி பிளாஞ்ச்ஃபிளவர். ஜாக்கியின் அண்ணன். பில் நிக்கல்சன் பயிற்றுவித்த அந்த அணி சீசனின் முதல் 11 லீக் ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. 42 ஆட்டங்களில் 115 கோல். இறுதியில் லெஸ்டரை 2-0 என வென்றது. அந்த இறுதியிலும் லெஸ்டரின் லென் சால்மர்ஸ் தொடக்கத்திலேயே காயம்பட்டு நொண்டிக்கொண்டே ஆடினார். மாற்று வீரர் இல்லாத காலத்தில் நல்லூழும் ஒரு பங்கு கேட்டது. சேறாகிக் கிடக்கும் மைதானங்கள், சமனில் முடிந்தால் சில நாள்களுக்குள் மறு ஆட்டம், பதினைந்து பதினாறு பேரைச் சுற்றியே ஓடும் அணி என அந்தக் காலத்தின் மற்றச் சுமைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் மொத்தம் எத்தனை முறை நடந்திருக்கிறது?

2024-25 சீசன் முடிய, எட்டு கிளப்புகள் 13 முறை வென்றிருக்கின்றன. பிரஸ்டன் (1889), ஆஸ்டன் வில்லா (1897), டாட்டன்ஹாம் (1961), லிவர்பூல் (1986), செல்சி (2010) ஆகியவை தலா ஒரு முறை; மான்செஸ்டர் சிட்டி இரு முறை (2019, 2023); ஆர்சனல் (1971, 1998, 2002), மான்செஸ்டர் யுனைடெட் (1994, 1996, 1999) தலா மூன்று முறை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஐரோப்பாவையே ஆண்ட லிவர்பூலுக்கு ஒன்றுதான் என்பதைப் பலர் நம்புவதில்லை. அந்த ஒன்றிலும் லீக்கை உறுதிசெய்த கோலைச் செல்சி மைதானத்தில் போட்டவர் அணியின் மேலாளர்! கென்னி டால்கிளிஷ் அப்போது ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்தார். பந்தை மார்பில் வாங்கி, தரையில் விழுமுன் உதைத்தார்.

மிகுந்த நெருக்கடியில் கிடைத்த இரட்டைப் பட்டம் எது?

ஐயமில்லாமல் ஆர்சனல், 1970-71.

கோப்பை அரையிறுதியில் ஸ்டோக் சிட்டியிடம் 0-2 எனப் பின்தங்கி நின்றது. கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை, ஸ்டோக் கோல் கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் நிற்கும் கோலுக்குள் பீட்டர் ஸ்டோரி செலுத்திச் சமன் செய்தார். மறு ஆட்டத்தில் வென்றது. அந்தக் கோப்பையில் மட்டும் ஆர்சனல் ஒன்பது ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் அந்தச் சீசனில் 64 ஆட்டங்கள்.

லீக்கில் கடைசி ஆட்டம் 1971 மே 3, பரம எதிரியான டாட்டன்ஹாமின் மைதானத்தில். லீட்ஸ் யுனைடெட் தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டுக் காத்திருந்தது. அன்று புள்ளிகள் சமமானால், போட்ட கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து வரும் சராசரியே பட்டத்தைத் தீர்மானிக்கும். அதன்படி ஆர்சனல் வென்றால் சாம்பியன். 0-0 என்றாலும் சாம்பியன். ஆனால் 1-1 என்றால் பட்டம் லீட்ஸுக்கு. ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்களே இருக்கையில் ரே கென்னடி தலையால் முட்டிக் கோல் போட்டார். கொண்டாட்டத்தின் நடுவே ஆர்சனல்காரர்களுக்கு ஒரு கலக்கம்: 0-0 என்று நின்றபோது டாட்டன்ஹாம் ஒரு கோல் போட்டிருந்தால் பட்டம் போயிருக்கும், 1-0 என்றான பிறகும் அதே ஒரு கோல் பட்டத்தைப் பறித்துவிடும். முன்னிலை பெற்றும் பாதுகாப்பு கூடவில்லை. எஞ்சிய நிமிடங்களில் டாட்டன்ஹாம் மொத்தமாக முன்னேறி வந்தது. கோல் விழவில்லை.

ஐந்தே நாளில் வெம்ப்ளியில் லிவர்பூல். கூடுதல் நேரத்தில் முதல் கோல் லிவர்பூலுக்கு. ஆர்சனல் சமன் செய்தது. 111ஆவது நிமிடத்தில் சார்லி ஜார்ஜ் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. அவர் அப்படியே புல்தரையில் கைகளை விரித்து மல்லாந்து படுத்துவிட்டார். 2-1.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன கதைகள்?

லீட்ஸ் யுனைடெட்டைப் போல யாரும் அடிபட்டதில்லை. 1970இல் லீக்கில் இரண்டாமிடம், கோப்பையிலும் இரண்டாமிடம். 1972இல் சனிக்கிழமை ஆர்சனலை வென்று எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. இரண்டே நாள் இடைவெளியில், திங்கட்கிழமை, உல்வ்ஸுக்கு எதிராக லீக்கின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே சாம்பியன். 2-1 எனத் தோற்றது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் டெர்பி கவுன்ட்டிக்கு. டெர்பி வீரர்கள் அப்போது மயோர்கா தீவில் விடுமுறையில் இருந்தார்கள். ஓர் இறுதிப்போட்டி முடிந்து ஒரு நாள் ஓய்வோடு ஓர் அணியைப் பட்டத்துக்கான ஆட்டத்தில் இறக்கிய அந்த அட்டவணை அநியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

1988இல் லிவர்பூல், 40 லீக் ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்ற அணி, கோப்பை இறுதியில் விம்பிள்டனிடம் 0-1 எனச் சாய்ந்தது. ஜான் ஆல்ட்ரிஜின் பெனால்டியை டேவ் பெசன்ட் தடுத்தார், வெம்ப்ளியின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஒன்றில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. மறு ஆண்டு கோப்பை கிடைத்தது, ஆனால் லீக்கின் கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஆர்சனலின் மைக்கேல் தாமஸ் போட்ட கோல் பட்டத்தைக் கொண்டுபோனது.

ஜெர்மனியில் இந்த வேதனையின் பெயர் பாயர் லெவர்குசன். 2002இல் மூன்று ஆட்டங்களே மீதமிருக்க ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்து லீக்கை டார்ட்மண்டிடம் இழந்தது. கோப்பை இறுதியில் ஷால்கவிடம் 2-4. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் 1-2. மூன்றிலும் இரண்டாமிடம். அதுவரை லீக் பட்டமே வென்றிராத கிளப் அது. இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு: 2023-24இல் ஸாபி அலான்ஸோவின் பயிற்சியில் 34 லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லாமல் முதல் லீக் பட்டம், கோப்பை இறுதியில் கைசர்ஸ்லாட்டர்னை 1-0 என வென்று இரட்டைப் பட்டம்.

மற்ற நாடுகளில் நிலவரம் என்ன?

நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் மாறி மாறி வென்று குவித்திருக்கின்றன. அந்த இரண்டையும் தவிர்த்து இரட்டைப் பட்டம் பெற்ற ஒரே கிளப் அபர்டீன், 1983-84இல். பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். ஜெர்மனியில் பயர்ன் மியூனிக் 1969 முதல் 2020 வரை 13 முறை.

ஸ்பெயின்தான் வியப்பூட்டுகிறது. 2024 வரை 36 லீக் பட்டங்கள் வென்ற ரியல் மாட்ரிட், லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது நான்கே முறை: 1962, 1975, 1980, 1989. முன்பு சொன்ன 26 சதவீதக் கணக்கின் கொடுமையை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இத்தாலியில் முதல் இரட்டைப் பட்டம் 1943இல் டொரினோவுக்கு. போருக்குப் பின் 1946 முதல் 1949 வரை அதே டொரினோ நான்கு லீக் பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. ஆனால் 1943க்குப் பிறகு 1958 வரை கோப்பா இத்தாலியா நடத்தப்படவே இல்லை. 1949 மே மாதம் சுபெர்கா குன்றில் விமானம் மோதி அணி முழுதும் மாண்டது. எத்தனை இரட்டைப் பட்டங்கள் அவர்கள் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

ஒரே கிளப்பின் இரண்டு அணிகள் கோப்பை இறுதியில் மோதியதுண்டா?

உண்டு. 1980 கோப்பா டெல் ரே இறுதியில் ரியல் மாட்ரிட்டும் அதன் இரண்டாம் நிலை அணியான காஸ்டியாவும் மோதின. ரியல் மாட்ரிட் 6-1 என வென்று இரட்டைப் பட்டத்தை முடித்தது. லீக் சாம்பியனே கோப்பையையும் வென்றதால், கோப்பை வெற்றியாளருக்கான ஐரோப்பியப் போட்டியில் ஆடும் இடம் காஸ்டியாவுக்குக் கிடைத்தது. அங்கே அது வெஸ்ட் ஹாமைச் சந்தித்தது.

அப்படியானால் கோப்பைக்குரிய ஐரோப்பிய இடம் இப்போது யாருக்குப் போகும்?

முன்பு இறுதியில் தோற்ற அணிக்குப் போனது. 1998இல் ஆர்சனல் இரண்டையும் வென்றதால், தோற்ற நியூகாசில் ஐரோப்பாவுக்குப் போனது அப்படித்தான். 2015-16 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. இடம் லீக் பட்டியலில் அடுத்து நிற்கும் அணிக்குப் போகிறது.

இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளின் சூப்பர் கோப்பையில் லீக் சாம்பியனும் கோப்பை வெற்றியாளரும் மோத வேண்டும். இரண்டும் ஒரே கிளப் என்றால் பொதுவாக லீக்கில் இரண்டாமிடம் பெற்ற அணி எதிரே வரும். 1961இல் டாட்டன்ஹாமுக்கு எதிராக, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. தேர்ந்தெடுத்த ஓர் அணி ஆடியது.

டிரெபிள் என்பது இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இரட்டைப் பட்டத்தோடு சாம்பியன்ஸ் லீக்கும் சேர்ந்தால் டிரெபிள். செல்டிக் 1967, அயாக்ஸ் 1972, பி.எஸ்.வி. 1988, மான்செஸ்டர் யுனைடெட் 1999, பார்சிலோனா 2009, 2015, இன்டர் மிலான் 2010, பயர்ன் 2013, 2020, மான்செஸ்டர் சிட்டி 2023, பாரிஸின் பி.எஸ்.ஜி. 2025. உள்நாட்டு லீக் கோப்பையைச் சேர்த்தால் அதை உள்நாட்டு டிரெபிள் என்பார்கள். செல்டிக் 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நான்கு சீசன்களில் அதை வென்றது.

வெவ்வேறு கிளப்புகளோடு சாதித்தவர்கள் உண்டா?

பயிற்சியாளர்களில் ஃபெர்குசன் அபர்டீனிலும் மான்செஸ்டர் யுனைடெட்டிலும் வென்றார். பெப் குவார்டியோலா ஸ்பெயின், ஜெர்மனி, இங்கிலாந்து என மூன்று நாடுகளில். ஹான்சி ஃபிளிக் பயர்னில் 2020இல், பார்சிலோனாவில் 2025இல். வீரர்களில் நிக்கோலா அனெல்கா 1998இல் ஆர்சனலோடும் 2010இல் செல்சியோடும் வென்றார். அந்த 2010 செல்சி அணியின் ஆஷ்லி கோலுக்கும் இது இரண்டாவது. முதலாவது 2002 ஆர்சனல்.

பிளே-ஆஃப் உள்ள லீக்குகளில் எப்படிக் கணக்கிடுவது?

அங்கே பொருள் மாறுகிறது. அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான எம்.எல்.எஸ்.ஸிலும், 2024-25 வரை இந்தியாவின் ஐ.எஸ்.எல்.லிலும் லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கு ஒரு கேடயம், அதன்பின் முன்னணி அணிகள் மட்டும் மோதும் பிளே-ஆஃபை வெல்லும் அணிக்கு ஒரு கோப்பை. இரண்டையும் ஒரே சீசனில் வெல்வதை அங்கே இரட்டைப் பட்டம் என்கிறார்கள். ஐ.எஸ்.எல்.லில் மும்பை சிட்டி 2020-21இலும், மோகன் பகான் 2024-25இலும் அதைச் செய்தன. இரண்டும் ஒரே போட்டியின் இரு கட்டங்கள் என்பதால், கீழ்நிலை அணிகளும் கலந்துகொள்ளும் தனிக் கோப்பையை வெல்வதற்கு இதை நான் சமமாக வைக்க மாட்டேன்.

பணக்கார கிளப்புகளின் காலத்தில் இதன் மதிப்புக் குறைந்துவிட்டதா?

சில நாடுகளில் குறைந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. யுவென்டஸ் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது. பிரான்சில் பி.எஸ்.ஜி.யின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் பணம் லீக்கைத்தான் வாங்கித் தருகிறது. கோப்பை இன்னும் முழுதாக அடங்கவில்லை. பயர்னைப் பாருங்கள். 2020க்குப் பிறகு 2025 வரை நான்கு லீக் பட்டங்கள், கோப்பை ஒன்றுகூட இல்லை. 2021 ஜனவரியில் இரண்டாம் நிலை லீக்கின் ஹோல்ஸ்டைன் கீலிடம் பெனால்டியில் வெளியேறியது. 2021 அக்டோபரில் மோன்ஷன்கிளாட்பாக்கிடம் 0-5. 2023 நவம்பரில் மூன்றாம் நிலை லீக்கின் சார்ப்ருக்கனிடம் 1-2.

உங்கள் பார்வையில் முதலிடம் எதற்கு?

அத்லெட்டிக் பில்பாவ், 1983-84. ஸ்பெயினின் வடக்கில் உள்ள பாஸ்க் பகுதியில் பிறந்த அல்லது அங்கே பயிற்சி பெற்ற வீரர்களை மட்டுமே ஆடவைக்கும் கிளப் அது. உலகம் முழுவதும் வலைவீசி ஆட்களைப் பிடிக்கும் கிளப்புகளோடு, ஒரு சிறு நிலப்பகுதியின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மோதுவது எத்தகைய துணிவு! ஹவியர் கிளெமென்டே பயிற்றுவித்த அணி லீக்கில் ரியல் மாட்ரிட்டோடு புள்ளிகளில் சமமாக நின்று பட்டத்தை வென்றது. பிறகு கோப்பை இறுதியில் மரடோனா ஆடிய பார்சிலோனாவை எண்டிகாவின் ஒரே கோலால் வீழ்த்தியது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில், அரசரின் கண்ணெதிரே, இரு அணியினரும் அடிதடியில் இறங்கியது அந்த நாளின் கறை. மரடோனா பார்சிலோனாவுக்காக ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. அத்லெட்டிக்குக்கு அடுத்த கோப்பா டெல் ரே கிடைக்க 2024 ஏப்ரல் வரை, 40 ஆண்டுகள் ஆயின. லீக் பட்டம் 2025 வரை மீண்டும் வரவில்லை.